நான்கு மாத இருட்டில் ஓநாய்கள்



கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் என்றொரு தீவு. அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் மறைந்தால், மறுபடி தலைகாட்டுவது பிப்ரவரி கடைசியில்தான். அந்த இருட்டிலும் வெள்ளை ஓநாய்கள் பிழைத்துக் கிடக்கின்றன.

டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986 முதல் பல கோடைகள் அங்கே போய் அவற்றைக் கவனித்தார். வேட்டைக்காரனை அறியாத ஓநாய்கள் அவரைப் பக்கத்திலேயே அனுமதித்தன. குளிர்காலத்தில் என்ன செய்கின்றன? அங்கே போய்ப் பார்க்க யாரால் முடியும்! 2009-இல் புரூட்டஸ் என்ற ஆண் ஓநாயின் கழுத்தில் செயற்கைக்கோள் வழியே இடம் சொல்லும் பட்டையை மாட்டினார்கள். கூட்டத்தில் இருபது ஓநாய்களாவது இருந்தன. ஒன்பது மாதத்தில், மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போன குளிரில், 5,900 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருந்தது புரூட்டஸ்.

இவ்வளவு நடையும் வயிற்றுக்காகத்தான். முக்கிய இரை கஸ்தூரி எருது. அதுவும் லேசில் சிக்காது. ஓநாயைக் கண்டதும் எருதுகள் கன்றுகளைப் பின்னால் விட்டு, கொம்பை வெளிப்பக்கம் நீட்டி வட்டம் கட்டி நிற்கும். வட்டம் உடைந்து மந்தை ஓடினால்தான் ஓநாய்க்குச் சாப்பாடு. இடையிடையே துருவ முயல் கிடைக்கும்.

குளிரைவிடக் கொடியது கோடை பொய்ப்பது. 1997-இல் கோடைப் பருவம் கெட்டது. எருதும் முயலும் குறைந்தன, கூடவே ஓநாயும். மூன்று இனமும் மறுபடி குட்டி போட்டுத் தேறத் தொடங்கியது 2004 வாக்கில்தான். ஓநாய்களின் எண்ணிக்கை எருதுகளின் எண்ணிக்கையோடு அல்ல, முயல்களின் எண்ணிக்கையோடுதான் ஒத்துப்போனது என்கிறார் மெக்.