கடல் கடக்கும் மாணவர்க்கு எல்லை நோன்பு



தமிழ்ச் சமணர் இல்லத்து மாணவி ஒருவர், பல்கலைக்கழகப் படிப்பின் இடையில் ஒரு பருவம் மட்டும் பயிலப் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகருக்கு ஆகஸ்டு இறுதியில் புறப்படுவதாகக் கொள்வோம். 90 நாள்களுக்கு மேல் தங்குவதால் குடியிருப்பு அனுமதி வேண்டும். காப்பீடும் வங்கி இருப்புச் சான்றும் வேண்டும். அங்கே ஒரு பருவத்தின் முழுச் சுமை 30 மதிப்பலகுகள். ஏறத்தாழ 800 மணி நேர உழைப்பு. அவற்றுள் எவை தாய்க் கல்லூரியில் ஏற்கப்படும் என்பதைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளல் நலம். வாய்ச்சொல் பின்னர் உதவாது.

இவற்றையெல்லாம் மாணவியே சில வாரங்களில் முடித்துவிடுவார். இல்லத்தில் எழும் வினா வேறு. இரவுண்ணாமை என்னாவது?

செப்டம்பர் தொடக்கத்தில் ஹெல்சிங்கியில் இரவு எட்டு மணியளவில்தான் கதிரவன் மறைவான். டிசம்பர் பிற்பகுதியிலோ காலை ஒன்பதரை மணியளவில் எழுந்து பிற்பகல் மூன்றேகால் மணிக்கெல்லாம் மறைந்துவிடுவான். பகல் ஆறு மணி நேரமும் நிறைவதில்லை. அதற்குள் வகுப்பும் அடங்க வேண்டும், இரு வேளை உணவும் அடங்க வேண்டும். அந்நாட்டார் பதினொரு மணிக்கே நண்பகல் உணவு கொள்ளும் வழக்கமுடையவர் என்பது ஒரு நல்வாய்ப்பு. மாணவர் உணவகங்களில் பாலும் முட்டையும் சேராத உணவும் கிடைக்கும். ஆனால் கிழங்கு விலக்கிய இல்லத்தார்க்கு உருளையும் காரட்டும் நீங்கிய தட்டு அங்கே அரிது.

இந்நிலையில் விமான நிலையத்தில் வைத்துக் கண்ணீருடன், ‘எதையும் விடமாட்டேன் என்று சத்தியம் செய்’ எனக் கேட்பது பொருந்துமா? அத்தகைய சத்தியம் மூன்றாம் வாரத்தில் காணொலி அழைப்பில் ஒரு பொய்யாக முடியக்கூடும். உணவில் நேர்ந்த தவறோடு வாய்மைக்கும் பழுது சேரும்.

1888-ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்ற மோகன்தாஸ் காந்திக்கு, அன்னையின் கவலை தீரும்பொருட்டு, பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி மூன்று உறுதிமொழிகள் அளித்தார்: மது, மாது, புலால் ஆகியவற்றைத் தீண்டாமை. அவை மூன்றே என்பது கருதத்தக்கது. அவ்வளவிலும் அவர் பல நாள் அரைவயிற்றோடிருந்து, பின்னரே பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். முட்டை புலாலா என்னும் ஐயமும் எழுந்தது. சிறிது காலம் உண்டார். பின்னர், உறுதிமொழி பெற்ற அன்னை எப்பொருளில் கொண்டாரோ அதுவே பொருளெனத் தெளிந்து விலக்கினார். அந்த ஒரு சொல்லின் பொருளைப் புறப்படுமுன் பேசியிருந்தால் அவ்வையம் எழுந்திராது. இன்றைய மாணவிக்கோ கன்றின் இரைப்பைச் சாற்றால் உறையவைத்த பாலாடைக்கட்டி, ஜெலட்டின் சேர்ந்த இனிப்பு, முட்டை பூசிய ரொட்டி எனப் பேசவேண்டியவை மிகுதி.

இல்லறத்தார்க்குரிய நோன்புகளுள் தேசாவகாசிகம் என்றொன்று உண்டு. இடத்துக்கும் காலத்துக்கும் எல்லை வகுத்துக் கொள்வது அது. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனைச் சிக்ஷாவிரதங்களுள், அதாவது பயிற்சி நோன்புகளுள், வைத்தார். வீடு, ஊர், வயல், ஆறு என இட எல்லைகளையும், ஆண்டு, திங்கள், நான்கு திங்கள், பக்கம் எனக் கால எல்லைகளையும் கூறினார். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு திங்களே! பயணப் பெட்டி கட்டுமுன் பாட்டியும் பேத்தியும் ஒரு தாளெடுத்து அமரலாம். புலால், முட்டை, தேன், மது ஆகியவை எந்நிலையிலும் இல்லை. கிழங்கு, தானே சமைக்கும் நாள்களில் இல்லை. இரவுணவு, செய்முறை வகுப்பு நீளும் நாள் தவிர இல்லை. அந்நாளில் பாலோ பழமோ மட்டும். அத்தாளில் எதனை எழுதுவது, எதனைத் தளர்த்துவது என்பதில் பாட்டிக்கும் பேத்திக்கும் பூசல் வரலாம். புறப்படுமுன் வருதல் நன்று.

டிசம்பரில் அங்கே கதிர் மறையும் மூன்றேகால் மணி, இங்கே மாலை ஆறே முக்கால். பாட்டி உணவை முடித்து நமஸ்கார மந்திரம் சொல்ல அமரும் வேளை அது. பேத்தி அப்போது அழைக்கலாம்.