வதந்தியைப் பரப்புவோர் யார்?



நாம் ‘வதந்தி பரவியது’ என்கிறோம். ஜப்பானிய மொழியில் ‘ஈஃபுரசு’ என்றொரு வினைச்சொல் உண்டு. பலரிடமும் சொல்லிப் பரப்புதல் என்பது அதன் பொருள். ‘பரவியது’ என்றால் பழி ஒருவருக்கும் இல்லை. ‘பரப்பினார்’ என்றால் ஆள் உண்டு.

வதந்திக்கு ஆயுள் 75 நாளே என்பது அந்நாட்டுப் பழமொழி. 1923 செப்டம்பர் 1-ஆம் நாள் டோக்கியோ, யோக்கஹாமா நகரங்களைப் பூகம்பம் அழித்தபோது, கொரியர்கள் கிணறுகளில் நஞ்சிட்டார்கள் என்ற பொய்யைப் பலர் பரப்பினார்கள். அதனால் ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். 75 நாளில் பேச்சு ஓய்ந்தாலும் மாண்டவர் மீளவில்லை.

ஆகவே, நம் செவிக்கு எட்டும் சேதி மெய்யென்று தெரியும்வரை, அது நம் வாயைக் கடக்க விடாதிருப்போமாக.