பட்டையை ஒட்டி அழுத்துங்கள்

ஆசையாகக் கிட்டார் வாங்கிய பலர், சில வாரங்களிலேயே அதை உறையில் போட்டு மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "விரல் வலிக்குது, சத்தமும் சரியா வரலை" என்கிறார்கள்.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். விரல் வைக்கும் இடம்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் இருக்கும். ஃப்ரெட் என்பார்கள். இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டம். புதியவர்கள் கட்டத்தின் நடுவில் கம்பியை அழுத்துவார்கள். கம்பி 'கொர்ர்' என்று இரையும். உடனே இன்னும் பலமாக அழுத்துவார்கள். வலிதான் கூடும்.

விரலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். கிட்டாரின் உடல் பக்கம் இருக்கும் பட்டையை ஒட்டி வையுங்கள். பட்டைக்கு மேலே அல்ல, பட்டையை ஒட்டி. குறைந்த பலமே போதும். ஒலி தெளிவாக வரும்.

பழகிப் பார்க்க, இ மைனர் என்ற கார்டில் தொடங்குங்கள். கார்டு என்றால் பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது. இரண்டே விரல்தான். இரண்டாவது கட்டத்தில், மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது கம்பிகள். அங்கேயும் பட்டையை ஒட்டித்தான். பிறகு ஆறு கம்பிகளையும் மீட்டிப் பாருங்கள், எவ்வளவு நிறைவான ஒலி!

தொடக்கத்தில் கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும். கிணற்றுக் கயிறு இழுத்த கை காய்த்துப் போவதுபோல, விரல் நுனியும் சில வாரங்களில் காய்த்துவிடும். ஞாயிறு முழுக்க வாசிப்பதைவிடத் தினமும் பத்து நிமிடம் மேல்.

பட்டையை ஒட்டி அழுத்தியும் கம்பி இறங்க மறுக்கிறதா? கம்பி அதிக உயரத்தில் இருக்கலாம். கடையில் கொடுத்தால் இறக்கித் தருவார்கள்.