புது மதத்திடம் மட்டும் ஏன் இத்தனை கேள்வி?

(மும்பையில் நமது சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நமது சங்க அலமாரியில் ஒரு விண்ணப்பம் ஆறு வாரமாகக் கிடக்கிறது. எழுதியவர்கள் அந்நியர் அல்லர். நமது லைனில் குடியிருக்கும் பதினொரு தமிழ்க் குடும்பத்தார், பௌத்தம் தழுவியவர்கள். அக்டோபர் 14ஆம் தேதி மாலை நமது ஹாலைக் கேட்கிறார்கள். கூடி உட்கார்ந்து பஞ்சசீலம் சொல்லி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. வாடகை தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

இதே ஹாலை அம்மன் கொடைக்குக் கொடுக்கிறோம். ஐயப்பன் பூஜைக்குக் கொடுக்கிறோம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குக் கொடுக்கிறோம். ஒரு வருடம் நோன்புக் கஞ்சிக்கும் கொடுத்தோம். அப்போதெல்லாம் செயலாளர் நோட்டைத் திறந்து தேதி காலியா என்று பார்ப்பார். காலி என்றால் பெயரை எழுதிக்கொள்வார். வேலை முடிந்தது. இந்த விண்ணப்பத்துக்கு மட்டும் செயற்குழு நான்கு கேள்விகளை எழுதித் திருப்பி அனுப்பியது. பணம் எங்கிருந்து வருகிறது? பின்னால் எந்தக் கட்சி? சலுகைக்காக மாறினீர்களா? நம் பிள்ளைகளையும் இழுப்பீர்களா?

இந்தக் கேள்விகளை எழுதிய புண்ணியவான் யார் என்று சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். நாங்கள்தான். அன்றைய கூட்டத்தில் பேனா எங்கள் கையில்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, கேள்விகள் தவறு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இதே கேள்விகளை வேறு எவரிடமும் ஒருநாளும் கேட்டதில்லையே என்பதுதான் உறுத்தியது. ஏன் கேட்டதில்லை என்று தேடிப் பார்த்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நம் ஊர்க் கதை ஒன்று. பெரிய புராணத்தில் நமிநந்தியடிகள் வரலாறு வருகிறது. திருவாரூர்க் கோயிலில் விளக்கேற்ற நெய் கிடைக்கவில்லை, குளத்து நீரை முகந்து வந்து ஊற்றினார், விளக்கு எரிந்தது. அடுத்து, வடலூர் வள்ளலார். கருங்குழியில் அவர் தங்கியிருந்த வீட்டில், எண்ணெய் என்று எண்ணித் தண்ணீரை விளக்கில் ஊற்றினார். அதுவும் விடிய விடிய எரிந்தது என்பார்கள். இரண்டும் ஒரே அற்புதம். இரண்டிலும் எரிந்தது தண்ணீர்தான். ஆனால் முதல் கதைக்குக் கைகூப்புகிற ஆள், இரண்டாவது கதையைக் கேட்டதும், “சாட்சி யார்?” என்கிறார். இதை ஒன்றல்ல, பல முறை பார்த்திருக்கிறோம். ஆயிரம் வருடத்துக்கு முந்தியதற்குச் சாட்சி கேட்க முடியாது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியதற்குக் கேட்கலாம் போலத் தோன்றுகிறது. பழைய மதத்துக்கு இது ஒரு பெரிய வசதி. அதன் சாட்சிகள் எல்லோரும் இறந்துபோனார்கள். கணக்கு நோட்டும் கரையான் தின்றுவிட்டது. புது மதத்தை நிறுவியவரோடு பழகியவர்கள், சண்டை போட்டவர்கள், கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

வள்ளலார் (1823-1874) புது மதம் என்று பெயர் வைக்கவில்லை, சன்மார்க்கம் என்றார். 1867இல் வடலூரில் தருமசாலை அமைத்து, சாதி கேளாமல் பசித்தவருக்குச் சோறு போட்டார். அதே ஆண்டு அவர் பாடல்கள் ‘திருவருட்பா’ என்று அச்சில் வந்தன. அருட்பா என்று எப்படிப் பெயர் வைக்கலாம் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பார் எதிர்த்தார்கள். மறுப்பு நூல் வந்தது. சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நாவலர் சாமானியர் அல்லர். தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றிய பெரியவர். அப்படிப்பட்டவருக்கே தேவாரத்துக்கு ஒரு படி, அருட்பாவுக்கு ஒரு படி என்று இருந்தது. இன்று வள்ளலார் பிறந்த அக்டோபர் 5ஆம் தேதியைத் தமிழக அரசு தனிப்பெருங்கருணை நாள் என்று கொண்டாடுகிறது. 2021இல் வந்த அறிவிப்பு அது. நடுவில் ஒன்றரை நூற்றாண்டு போயிற்று. பாட்டு மாறவில்லை, வயது ஏறிவிட்டது.

இத்தோடு முடிந்தால் விஷயம் சுலபம். வயதுதான் காரணம், கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் சரியாகும் என்று வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நமது அலமாரியில் கிடக்கும் விண்ணப்பத்துக்கு இந்தப் பதில் பொருந்தவில்லை. தோழர்களே, பௌத்தம் எப்படிப் புது மதம் ஆகும்? அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வயது!

1956ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டுதான் புத்தரின் 2500ஆவது ஜயந்தி. மத்திய அரசே விழா எடுத்தது, புத்தகம் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1947இல் அசோகச் சக்கரம் தேசியக் கொடியில் ஏறியாயிற்று. 1950இல் சாரநாத் சிங்கம் அரசு முத்திரையாயிற்று. அப்போது யாரும், “இது என்ன புது மதம்?” என்று கேட்கவில்லை. நம் நாட்டின் பெருமை என்றார்கள். அதே 1956, அக்டோபர் 14. நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் பர்மா நாட்டுப் பிக்கு சந்திரமணியிடம் தீட்சை பெற்று, திரண்டிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே தீட்சை கொடுத்தார். அன்று முதல் அவர்களுக்குப் பெயர் ‘நவபௌத்தர்’. கொடியில் இருந்தபோது பழமை. செத்த மாட்டை இழுத்துப் போட்டவர் கையில் எடுத்துக்கொண்டதும் புதுமை! ஆக, புதிது என்று நாம் சொல்வது மதத்தின் வயதை அல்ல. அதில் யார் சேர்ந்தார்கள் என்பதைத்தான்.

பழைய பௌத்தர்களும் சும்மா இருக்கவில்லை. அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ அவர் மறைந்த பிறகு 1957இல் வெளிவந்தது. நான்கு வாய்மைகள் புத்தரே சொன்னவைதானா, பிற்காலப் பிக்குகள் சேர்த்தவையா என்று அதன் முன்னுரையில் கேட்கிறார். மகாபோதி சங்கத்தின் இதழே அந்த நூலைக் கடுமையாகத் தாக்கியது. இத்தனைக்கும் பௌத்தத்துக்குள் பிரிவுகளுக்குப் பஞ்சமா? சிங்களத்தில் ஒன்று, திபெத்தில் ஒன்று, ஜப்பானில் இன்னொன்று. அவை எல்லாம் மரபு. நாகபுரியில் நடந்தது மட்டும் கலப்படம்!

“சலுகைக்காக மாறினீர்களா?” என்ற நம் கேள்விக்கு வருகிறோம். ரயில்வே ஆபீசில் சாதிச் சான்றிதழ்களைப் புரட்டியே வயது போன எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் எழுதினோம் என்பதுதான் வெட்கம். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி, இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் வர முடியாது. சீக்கியருக்கு மட்டும் விலக்கு. பௌத்தரானவருக்கு 1990இல்தான் அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தது. 1956 முதல் 1990 வரை முப்பத்து நான்கு வருடம்! மத்திய அரசு வேலையில் கிடைத்துவந்த ஒதுக்கீட்டை இழந்துவிட்டுத்தான் அவர்கள் மதம் மாறினார்கள். அல்லது தாளில் ஒன்று, மனத்தில் ஒன்று என்று மறைத்து வாழ்ந்தார்கள். சலுகைக்காக ஒருவன் இருந்த மதத்திலேயே இருந்தால் அதை நாம் குற்றம் என்று சொல்வதில்லை. சலுகையை விட்டுப் போனவனைத்தான் சலுகைக்காகப் போனான் என்கிறோம். கிறிஸ்தவரானவருக்கும் முஸ்லிமானவருக்கும் அந்தக் கதவு இன்றளவும் திறக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். நமது லைனிலேயே அந்த வீடுகள் உண்டு.

அவர்கள் எடுத்துக்கொள்ளும் 22 உறுதிமொழிகளைச் சிலர் காட்டுகிறார்கள். பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை வணங்கமாட்டேன், திதி கொடுக்கமாட்டேன் என்றெல்லாம் அவற்றில் வருகிறது. மனம் புண்படுகிறது என்கிறார்கள். பக்தியுள்ளவர் காதில் அது சுடத்தான் செய்யும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் திருஞானசம்பந்தர் தேவாரத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பதிகங்களில் பத்தாம் பாட்டு சமணரையும் சாக்கியரையும் சாடுகிறது. சாக்கியர் என்றால் பௌத்தர்தான். அன்றைக்குப் பக்தி இயக்கம் இளமையாக இருந்தது. எதிரியைப் பெயர் சொல்லித் தாக்கியது. இன்று ஓதுவார் அதைப் பண்ணோடு பாடும்போது நாம் தலையாட்டிக் கேட்கிறோம். யார் மனமும் புண்படுவதில்லை. ஒரு வீட்டைவிட்டு வெளியேறுகிறவன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கத்தான் செய்யும். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் சாத்திய கதவின் சத்தம் நமக்குச் சங்கீதமாகிவிட்டது.

இன்னொன்று, இதுதான் எங்கள் கருத்தில் அடிப்படை. கோபம் சாமியைப் பற்றியது மட்டும் அல்ல; வேலையைப் பற்றியது. மராட்டிய கிராமங்களில் மகார் மக்கள் ஊர் வேலை அத்தனையும் செய்தாக வேண்டும். செத்த மாட்டை அகற்ற வேண்டும், காவல் இருக்க வேண்டும், சாவுச் செய்தியைச் சுமந்து ஊர் ஊராக ஓட வேண்டும். அதற்கு மகார் வதன் என்று பெயர். கொஞ்சம் நிலமும் கொஞ்சம் தானியமும் கூலி. அதை ஒழிக்க 1928இலேயே அம்பேத்கர் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார்; சட்டம் வந்ததோ 1958இல். தீட்சை பெற்றவர்கள், “இனி இந்த வேலை எங்களுடையது அல்ல” என்றார்கள். ஊருக்கு எரிச்சல் அங்கேதான் மூண்டது. பறையடிப்பதையும் பிணம் சுடுவதையும் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவின் தலையில் கட்டிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். இதை நமக்கு விளக்கவும் வேண்டுமா? ஒரு புது மதம் வெறும் தியானம் சொல்லிக்கொடுத்தால் ஊர் சிரித்துவிட்டுப் போகும். ஆளைக் கூலியில்லா வேலையிலிருந்து எடுத்துக்கொண்டு போனால்தான் அதன் கணக்கு வழக்கைக் கேட்கும்.

இது மராட்டியர் விவகாரம், நமக்கென்ன என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாகபுரிக்கு ஐம்பத்தெட்டு வருடம் முந்தியே, 1898இல், அயோத்திதாச பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுவந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள் உண்டு. கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை பார்த்த தமிழர்கள் மாரிக்குப்பத்தில் கிளை வைத்து நடத்தினார்கள். ஊரைவிட்டு வந்தவனுக்கு ஊர்க் கோயிலில் தன் இடம் எது என்று திரும்பி யோசிக்கத் தூரம் கிடைக்கிறது போலும்.

புது மதங்களிடம் கேள்வியே கேட்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நேற்று முளைத்த ஆசிரமத்துக்கு வீட்டுப் பத்திரத்தை எழுதிக்கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பங்களும் நாட்டில் உண்டு. கேட்கத்தான் வேண்டும். ஆனால் டிசம்பர் 6ஆம் தேதி நெருங்கினால் நம் ஆட்கள் பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அம்பேத்கர் உடல் எரியூட்டப்பட்ட தாதர் கடற்கரைக்கு லட்சக்கணக்கில் ஏழைகள் வருவார்கள். 1956இல் அந்தச் சிதையின் முன்னாலேயே பல்லாயிரவர் தீட்சை பெற்ற இடம் அது. “டிக்கெட் இல்லாக் கூட்டம்” என்று பிளாட்பாரத்தில் முணுமுணுப்பு கேட்கும். ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போகிற கூட்டத்தையும் இதே ரயிலில்தான் ஏற்றி இறக்குகிறார்கள். அதற்குப் பெயர் பக்தர்கள்.

கடைசியாக ஒன்று, சொல்லாமல் விட மனம் வரவில்லை. சென்ற தைமாதம் அந்தப் பதினொரு குடும்பங்களில் ஒரு பெரியவர் இறந்தார். நம் சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினர். கூரை போடக் கல் சுமந்தவர். மகன்கள் வெள்ளை உடுத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, திரிசரணம் சொன்னார்கள். சங்கு இல்லை, வாய்க்கரிசி இல்லை. வந்த சொந்தக்காரர்கள், “இது என்ன நேற்று முளைத்த சடங்கு?” என்று பாதியில் எழுந்து போனார்கள். பாடையைத் தூக்கத் தோள் போதவில்லை. மராட்டியப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கினார்கள். நாங்கள் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தோம். சங்கத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று ஒதுங்கி நின்றதாகச் சொல்லிக்கொண்டோம். விண்ணப்பத்தின் கீழே முதல் கையெழுத்து அவருடைய மூத்த மகனுடையது.

வரும் ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகிறது. அதில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். அந்த நான்கு கேள்விகளையும் அச்சடித்து, ஹால் கேட்டு வருகிற எல்லோருக்கும் கொடுப்பது. இல்லையென்றால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுவது. எது நடந்தாலும் அக்டோபர் 14ஆம் தேதிக்கு ஹாலை எழுதிக்கொடுத்துவிட வேண்டும். அச்சடிப்பதென்று முடிவானால், முதல் தாளை அம்மன் கொடைக் கமிட்டிக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதன் பொருளாளர்களும் நாங்களே. மூன்று வருட வசூல் நோட்டில் இரண்டு எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.