அரியர் வைத்தவர்களும் வக்கீல் ஆகலாம்



முதல் வருடம் நாலு பேப்பர் அரியர், இரண்டாம் வருடம் தட்டுத்தடுமாறிப் பாஸ், கடைசி வருடம் நல்ல மார்க். இப்படி மேடும் பள்ளமுமாக டிகிரி முடித்த பலருக்கும் ஒரு சந்தேகம் உண்டு: "எனக்கெல்லாம் சட்டக் கல்லூரியில் சீட் கிடைக்குமா?" மூன்றாண்டு எல்.எல்.பி.யைப் பற்றிச் சொல்கிறேன். கிடைக்கும். ஆனால் எங்கே விண்ணப்பிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் தகுதி. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், பட்டப்படிப்பின் மொத்த மதிப்பெண்ணில் குறைந்தது 45 சதவீதம் கேட்கின்றன. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. மொத்தம்தான் கணக்கு, எந்த செமஸ்டரில் சறுக்கினீர்கள் என்று இந்த விதி கேட்பதில்லை. ஆனால் இந்த மதிப்பெண் இருப்பதாலேயே இடம் உறுதியாகிவிடாது என்றும் அதே விதி சொல்கிறது.

அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் இந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. டிகிரி மார்க்கை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி இடங்களை நிரப்புகிறார்கள். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி இன்னும் கூடுதல் மார்க் கேட்கிறது. மார்க் குறைந்தவருக்கு இந்த வரிசையில் இடம் பின்னால்தான்.

ஆந்திரா, தெலங்கானாவில் லாசெட் என்ற நுழைவுத் தேர்வு நடக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் முதுநிலை க்யூட் தேர்வு மூலம் எல்.எல்.பி.க்கு ஆள் எடுக்கிறது. இங்கெல்லாம் டிகிரி மார்க் வாசலைத் தாண்டத்தான். உள்ளே இடம் வாங்கித் தருவது தேர்வில் எடுக்கும் மார்க். கல்லூரியில் சறுக்கியவர்கள் புதுக் கணக்கு தொடங்க இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிச்சமிருக்கும் பேப்பரை வெறும் பாஸ் மார்க்கோடு விட்டுவிடாதீர்கள். 44 சதவீதத்துக்கும் 45க்கும் இடையே ஒரு மதில் நிற்கிறது. சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக்கும் முறையை உங்கள் பல்கலைக்கழகத்திடமே கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு எல்.எல்.பி.யில் சேரத் தகுதி கிடையாது. இதைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

மார்க் குறைவானவர்களைத் தேடி இடைத்தரகர்களும் வருவார்கள். "வெளி மாநிலத்தில் சீட் இருக்கிறது, வகுப்புக்கே போக வேண்டாம்" என்பார்கள். நீதிமன்ற வட்டாரத்தில் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு 'லெட்டர் பேடு கல்லூரி' என்று பெயர். அஞ்சல் வழியில் படித்த எல்.எல்.பி.யை வைத்து வக்கீலாகப் பதிவு செய்யவே முடியாது. எனவே பணம் கட்டுவதற்கு முன், பார் கவுன்சில் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். குறைந்த மார்க்கை ஈடுகட்ட வழி உண்டு. செல்லாத பட்டத்துக்கு வழியே இல்லை.