காணிக்கைக்கு முன் ஒரு பயணம்

(ஜெபப் பங்காளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்த ஆண்டு உங்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. செய்தி மடலில் முன்போல நோயாளிகளின் படங்கள் வருவதில்லையே, ஏன்? முகத்தைப் பார்த்தால் பாரத்தோடு ஜெபிக்க ஏதுவாயிருக்கும் என்று ஒரு தாயார் எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறோம். ஆனால் எங்களுக்கு இந்தக் காரியத்தை விளங்கப்பண்ணியது வேறொரு தேசத்து மிஷன் மருத்துவமனையின் சரித்திரம். ஆகவே முதலில் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ருவாண்டா தேசத்தின் கிழக்கே, முஹாசி என்னும் ஏரியின் கரையில் காஹினி என்றொரு ஊர். 1920-களில் ஆங்கிலிக்கன் மிஷனெரிகள் அங்கே ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார்கள். அப்போது அந்தத் தேசம் பெல்ஜியத்தின் ஆளுகையில் இருந்தது. 1928-ல் ஜோ சர்ச் என்ற இளம் ஆங்கிலேய டாக்டர் அங்கே ஊழியத்துக்கு வந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் அவரைத் தங்கள் மிஷனெரியாக ஏற்றுக்கொண்டு தாங்கினார்கள். உங்களைப் போன்ற பங்காளர்கள்தான் அவர்களும்.

டாக்டர் வந்த காலம் கொடிய காலம். 1928-29-ல் கிழக்கு ருவாண்டாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. நாங்கள் வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்த நாட்களில், அந்நிய தேசத்து மிஷனெரி என்றால் சிங்கத்துக்கும் விஷக் காய்ச்சலுக்கும் நடுவே வேதாகமத்தைப் பிடித்து நிற்பவர் என்றே எண்ணியிருந்தோம். அது பாதி உண்மை. மற்ற பாதியை மிஷனெரி அறிக்கைகள் அதிகம் சொல்வதில்லை. ஆள் போதாது, தூக்கம் போதாது, பாஷை சரியாக வராது. யாரைச் சேவிக்க வந்தோமோ அவர்கள்மேலேயே எரிச்சல் வரும். உடன் ஊழியரோடு பேச்சு வார்த்தை குறையும். மாலை ஜெபத்தில் எல்லாரும் முழங்கால்படியிடுவார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். கடல் கடந்து போக வேண்டியதில்லை, எங்கள் மருத்துவமனையிலும் அப்படிப்பட்ட மாலைகள் உண்டு.

சோர்ந்துபோன டாக்டர் சர்ச் 1929-ல் சற்று இளைப்பாற உகாண்டாவின் கம்பாலா நகரத்துக்குப் போனார். அங்கே நமிரெம்பே குன்றில் சிமியோன் என்சிபாம்பி என்ற ஆப்பிரிக்கச் சகோதரரைச் சந்தித்தார். அவர் அரசாங்கச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர். இருவரும் இரண்டு நாள் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்தார்கள். டாக்டர் போதிக்க, ஆப்பிரிக்கர் கேட்கவில்லை. தனக்குள் வெறுமை இருக்கிறது என்று வெள்ளைக்கார டாக்டரே ஒத்துக்கொண்டு, ஓர் ஆப்பிரிக்கரோடு சமமாக உட்கார்ந்து தேடினார். அந்நாட்களில் இது சாதாரணமல்ல.

பின்பு காஹினி மருத்துவமனையின் தலைமை உதவியாளர் யோசியா கினுகா கம்பாலாவுக்குப் போய் என்சிபாம்பியைக் கண்டார். மருத்துவமனையில் ஒற்றுமை இல்லை, வேலை சரியாக நடக்கவில்லை என்று குறைகளைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த என்சிபாம்பி, அந்தக் குறைகளின் வேர் உம்முடைய பாவத்தில் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்! குறை சொல்லப் போனவர் உடைந்த மனிதனாகத் திரும்பினார். வார்டிலிருந்தவர்கள் அவரிடத்தில் மாற்றத்தைக் கண்டார்கள்.

1930-களில் அங்கிருந்து பரவிய எழுப்புதலைத்தான் கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதல் என்கிறோம். ருவாண்டா, உகாண்டா, கென்யா, தான்சானியா எங்கும் அது சென்றது. அதன் அடையாளம் பெரிய மேடைகள் அல்ல. ஜனங்கள் தாங்கள் செய்த தவறுகளை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டார்கள், திருடினதைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிஷனெரிகள் தங்கள் கோபத்துக்காகவும் மேட்டிமைக்காகவும் ஆப்பிரிக்க ஊழியரிடத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். சம்பளம் கொடுக்கிறவர் சம்பளம் வாங்குகிறவரிடத்தில் கேட்டார். (அறிக்கையிடாதவர்களைக் குளிர்ந்துபோனவர்கள் என்று சிலர் தள்ளிவைத்ததும் உண்டு. எந்த நல்ல காரியத்தையும் அளவுகோலாக்கி மற்றவரை அளக்க நமக்குத் தெரியும்.)

இதில் எங்களை அதிகம் தொட்டது ஃபெஸ்டோ கிவெஞ்செரே என்பவரின் சாட்சி. பின்னாளில் உகாண்டாவில் பேராயராகி, 1977-ல் இடி அமீனின் ஆட்சிக்குத் தப்பி, மனைவியோடு மலைகளைக் கடந்து ருவாண்டாவுக்கு ஓடிப்போனவர் அவர். வாலிப நாளில் ஒரு வெள்ளைக்காரரை மனதார வெறுத்தார். மனந்திரும்பினபின் அந்த வெறுப்பு அவரை உறங்கவிடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 50 மைல் மிதித்துப் போய் அவரிடத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆங்கிலேயர் அழுதுவிட்டார். 50 மைல் என்பது சிறிய தூரமல்ல. பாதி வழியில் திரும்பிவிட எத்தனை காரணம் தோன்றியிருக்கும்!

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. எழுப்புதல் பிறந்த அதே ருவாண்டாவில் 1994-ல், ஏறத்தாழ 100 நாட்களுக்குள், சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அடைக்கலம் தேடி ஓடிவந்தவர்கள் ஆலயங்களுக்குள்ளேயே வெட்டுண்டார்கள். கொன்றவர்களிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருந்தார்கள். அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் 2016-ல் மன்னிப்புக் கேட்டு அறிக்கை வெளியிட்டார்கள். 2017-ல் போப் பிரான்சிஸ், சபையின் பாவங்களுக்காகத் தேவனிடத்தில் மன்னிப்பை வேண்டுவதாகச் சொன்னார். 20 வருஷத்துக்குமேல் ஆயிற்று. தாமதம்தான். எழுப்புதல் கண்ட சபைகளும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று: என் கோபத்தை அறிக்கையிட்டோம், என் பொய்யை அறிக்கையிட்டோம், பக்கத்து இனத்தாரைக்குறித்து வீட்டில் பேசிக்கொண்டதை ஏன் அறிக்கையிடவில்லை?

இப்போது நம்முடைய மடலுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒருவர் தொழுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். 12 மாதம் கூட்டு மருந்து தவறாமல் சாப்பிட்டுப் பூரண சுகமானார். நல்ல செய்தி அல்லவா? படம் எடுத்தோம். ஊரையும் நோயையும் சேர்த்து மடலில் போட்டோம். படத்தின் கீழே இருந்த நான்கு வரியை எழுதியது இந்தக் கைதான். அவரிடத்தில் கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இலவசச் சிகிச்சை பெற்றவர் மறுப்பாரா என்ற எண்ணம் எங்களை அறியாமலே உள்ளே இருந்திருக்கவேண்டும். அந்த மடலுக்கு நல்ல காணிக்கை வந்தது. அதையும் சொல்லிவிடுகிறோம்.

மடல் கைமாறி, அவர் மகளைப் பெண் கேட்டிருந்த குடும்பத்தாரின் கையில் கிடைத்தது. கலியாணம் நின்றுபோயிற்று.

செய்தி எங்களுக்கு எட்டினபோது முதலில் தோன்றியது ஆளனுப்பிக் கொஞ்சம் பணம் கொடுக்கலாம் என்பதே. மனம் இடம் கொடுக்கவில்லை. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னதை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! மூத்த நர்ஸம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். அவர் வாசலில் நின்று பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"இந்த வண்டியிலயா ஐயா வந்தீங்க?"

இரண்டு பக்கமும் சிலுவையும் மருத்துவமனையின் பெயரும் பெரிதாக எழுதிய ஜீப்! மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், தெரியாதவர்களுக்கும் தெரியப்பண்ணிவிட்டோம். ஒன்றும் பேசாமல் திரும்பினோம்.

மறுபடியும் பஸ்ஸில் போனோம். மெயின் ரோட்டில் இறங்கி நடந்தோம். நாங்கள் சொல்லி முடிக்குமட்டும் அவர் கேட்டார். பிறகு, "எங்கிட்டக் கேட்டு என்ன ஐயா? அவகிட்டக் கேளுங்க" என்று உள்ளே பார்த்தார். மகள் வந்து நின்றாள். எங்கள் பேத்தியின் வயதிருக்கும். பிரசங்கபீடத்தில் 35 வருஷம் நின்ற எங்களுக்கு அந்தப் பெண்ணுக்கு முன்னே வாய் வரவில்லை. எப்படியோ சொன்னோம். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. "இனிமே யாரையும் கேக்காமப் போடாதீங்க" என்றாள். உள்ளே போய் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் இருக்கிறது. படம் எதற்கு, யார் யார் பார்ப்பார்கள் என்பதை நோயாளிக்கு வாசித்துக் காட்டுகிறோம். அதை அவருக்கு மருந்து கொடுப்பவர் கேட்கக்கூடாது, வேறொருவர் கேட்கவேண்டும் என்று வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போய்க் கலந்து பேசி வரட்டும் என்று ஒரு வாரம் தவணை கொடுக்கிறோம். பெரும்பாலோர் வேண்டாம் என்றே சொல்லுகிறார்கள். அதனால்தான், பிரியமானவர்களே, உங்கள் கைக்கு வருகிற மடலில் இப்போது கட்டடங்களும் கிணறும் வேப்பமரமுமாக இருக்கின்றன.