எபிகூரஸ் என்னும் பேர்

ஒருவன் சொன்னதற்குப் பதில் சொல்ல வகையில்லாதபோது அவன் பேரையே வசைச் சொல்லாக்கிவிடுவது மதக்காரர்களின் பழைய தந்திரமாகும். எபிகூரஸ் என்கின்ற கிரேக்க அறிவாளியை எடுத்துக்கொள்ளுவோம். கி.மு. 341-ல் பிறந்த இவர், கி.மு. 306 வாக்கில் ஆதென்ஸ் நகரில் ஒரு தோட்டத்தை வாங்கி, பெண்களையும் அடிமைகளையுங்கூடச் சேர்த்துக்கொண்டு பாடம் சொன்னார். தேவர்கள் மனிதர் காரியத்தில் தலையிடுவதில்லை, செத்தபின் தண்டனையுமில்லை, ஆகையால் பயப்படாமல் வாழுங்கள் என்பதே அவர் போதனை.

பெண்கள் வந்துபோகும் தோட்டமென்றால் எதிரிகள் சும்மா இருப்பார்களா? தின்பதும் களிப்பதுந்தான் அங்கே படிப்பு என்று கதை கட்டினார்கள். அவர் ஆகாரமோ பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும்! ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி அனுப்பினால் வேண்டும்போது விருந்துண்ணுவேன் என்று சிநேகிதருக்கு எழுதினாராம். அப்பேர்ப்பட்டவர் பேரால் இங்கிலீஷில் "எபிக்யூர்" என்றால் நாக்கு ருசி தேடுகிறவன் என்று அர்த்தம்.

யூதர்களிடமோ வேறு கதை. சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் அவர்களது மத நூலில், "அபிகோரோஸ்" ஆனவனுக்கு மறுவுலகில் பங்கில்லை என்று எழுதிவைத்தார்கள். இன்றும் அச்சொல் அவர்களுக்குள் நாஸ்திகனைக் குறிக்கிறது. மறுவுலகமே இல்லை என்றவருக்கு அதில் பங்கில்லை என்பது என்ன தண்டனையோ, நமக்கு விளங்கவில்லை!